தேடியபோது கிடைக்காத புத்தகம்

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டி எமது பழைய மாணவிகள் சங்கம் நடாத்திய உரைத் தொடரில், பல்கலைக்கழக நூலகமொன்றில் சிரேஷ்ட உதவி நூலகராகப் பணிபுரியும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



செயலாளர் தங்கச்சி அழைத்து, "அக்கா, பல்கலைக்கழக நூலகங்கள் கைத்தொலைபேசி மூலம் மாணவருக்கு எப்படி உதவலாம் என்று ஓர் அரை மணித்தியாலம் கதையுங்கோ" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்தக் கல்லூரியின் வாசலுக்குள் கைத்தொலைபேசி கொண்டுவரும் பிள்ளையிடமிருந்து அதைப் பறித்து அதிபர் அலுவலகத்தில் வைத்துவிடுவார்கள். அதே பிள்ளை ஒரு வருடம் கழித்துப் பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைத்ததும், விரிவுரை நேர அட்டவணை முதல் பரீட்சைப் பெறுபேறு வரை எல்லாவற்றையும் அந்தப் போனில்தான் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். இடையில் அதைப் பழக்கிவிடுவது யார் வேலை என்று யாரும் சொல்வதில்லை. நூலகர்களின் வேலை என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் காலத்து நூலகத்தை இங்கே இருக்கும் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஏழு அலுமாரிகள். திறப்பு நூலக ரீச்சரின் கைப்பைக்குள். கண்ணாடிக்கு வெளியே நின்று புத்தகத்தின் முதுகைக் காட்டினால் அவர் திறந்து எடுத்துத் தருவார். நான் உயர்தரம் படித்தது 1990களின் தொடக்கத்தில். குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தடை, கடதாசிக்குத் தட்டுப்பாடு. வகுப்புக்கு ஒரேயொரு பிரதியாக இருந்த பொருளியல் புத்தகத்தை முறை வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் கொப்பியில் எழுதி எடுத்தோம். என் முறை வெள்ளிக்கிழமை இரவு. சனிக்கிழமை விடியச் சைக்கிளில் கொண்டுபோய் அடுத்த பிள்ளையிடம் கொடுத்துவிடவேண்டும். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. எழுதி எடுத்ததால்தான் நன்றாகப் படித்தோம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. பாதிப் பக்கங்களை நித்திரைத் தூக்கத்தில்தான் எழுதினோம். வேண்டிய புத்தகம் கிடைக்காமல் போவது எப்படியிருக்கும் என்று எனக்கு அந்த இரவுகளில் நன்றாகத் தெரிந்தது. அப்படியிருந்தும் பின்னர் ஒரு நாள் நானே ஒரு பிள்ளைக்கு அதைச் செய்தேன். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கொரோனாவுக்கு முன், ஒரு பிற்பகல். இரவல் வழங்கும் பகுதியில் ஆள் குறைவாக இருந்ததால் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்த, கலைப்பீட முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தி வந்து நின்றாள். முகப்பு வெடித்த ஒரு போனை நீட்டி, "மிஸ், இந்தப் புத்தகம் எங்கட லைப்ரரியில இல்லையோ?" என்று கேட்டாள். விரிவுரையாளர் கொடுத்த வாசிப்புப் பட்டியலில் முதலாவதாக இருந்த தமிழ் நூல் அது. அவள் எங்கள் இணையப் பட்டியலில் தலைப்பைத் தமிழில் தட்டெழுதித் தேடியிருக்கிறாள். பதிவுகள் எதுவும் இல்லை என்று வந்திருக்கிறது. ஒரு முறையல்ல, அந்தக் கிழமையில் மூன்று முறை. கட்டுரையை அன்று காலையில் அந்தப் புத்தகம் இல்லாமலேயே ஒப்படைத்துவிட்டாள். "அடுத்த முறைக்காவது வேண்டுவீங்களோ என்று கேட்கத்தான் வந்தனான்" என்றாள்.

அவளுக்குப் பின்னால் இருந்த மூன்றாவது இறாக்கையில், அவள் தோள் உயரத்தில், அந்தப் புத்தகத்தின் இரண்டு பிரதிகள் இருந்தன.

எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவள் போன பிறகு கணினியில் அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் எல்லாம் ஆங்கில எழுத்தில் இருந்தன. பதிவைச் செய்தவரின் முதலெழுத்துகள் அடியில் இருந்தன. அவை என்னுடையவை.

நூலகத்துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். நாங்கள் அட்டைப் பட்டியலிலிருந்து கணினிக்கு மாறிய காலத்தில் எங்களிடம் இருந்த மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் எழுதினோம். அதற்குச் சர்வதேச முறையொன்று இருக்கிறது. அதில் ழகரத்துக்குக் கீழே கோடிட்ட ‘எல்’ போடவேண்டும், நெடிலுக்கு மேலே கோடு போடவேண்டும். கோடுகளைப் போட எங்களுக்கு நேரமிருக்கவில்லை. ழகரத்துக்கு ஒருவர் ‘எல்’ போட்டார், இன்னொருவர் ‘இசட் எச்’ போட்டார். ‘யாழ்ப்பாணம்’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் எங்கள் பட்டியலில் ஐந்து எழுத்துக்கூட்டல்கள் இருந்ததை நானே எண்ணினேன். எந்தப் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளையும் தன் போனில் இப்படித் தேடமாட்டாள். அவள் தமிழில் தேடுவாள். அது அவளுடைய உரிமை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய அட்டைப் பட்டியலின் இழுப்பறைகளை நாங்கள் எறியவில்லை, மாடிப்படிக்குக் கீழே போட்டிருந்தோம். அன்று பின்னேரம் போய் இழுத்துப் பார்த்தேன். அந்தப் புத்தகத்தின் அட்டை இருந்தது, எனக்கு முன் வேலை பார்த்தவரின் முத்து முத்தான தமிழ்க் கையெழுத்தில். மரப்பெட்டி ஒன்றரை நிமிடத்தில் தந்ததைக் கணினி மூன்று முறை இல்லையென்று சொல்லியிருக்கிறது. கணினி பொய் சொல்லவில்லை, நாங்கள் அதற்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தோம். முன்பென்றால் பட்டியலில் கிடைக்காவிட்டால் பிள்ளை வந்து எங்களைக் கேட்பாள், தவறு அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். போனில் தேடும் பிள்ளை கேட்பதில்லை. இல்லையென்று வந்தால் இல்லை, அவ்வளவுதான். விடுதிக் கட்டிலில் இருந்தபடியே நூலகத்தை விட்டுப் போய்விடுகிறாள். அப்படிப் போனவர்கள் எத்தனை பேர் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இப்போது இலங்கையின் பல நூலகங்கள் பாவிப்பது கோஹா என்ற மென்பொருள். நியூசிலாந்தின் ஹொரோவெனுவா பிரதேச நூலகங்களுக்காக எழுதப்பட்டு, 2000ஆம் ஆண்டிலிருந்து யாருக்கும் இலவசமாகக் கிடைப்பது. கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. அதன் தேடற் பக்கம் போனின் திரைக்கு ஏற்றபடி தானாகவே சுருங்கிக்கொள்ளும்; யூனிகோட் தமிழை ஏற்றுக்கொள்ளும். நூற்பதிவுக்கான மார்க் முறையில் 880 என்று ஒரு புலம் இருக்கிறது. தலைப்பை அதன் சொந்த எழுத்தில் எழுதி வைப்பதற்கென்றே உள்ளது. எல்லாம் இருந்தது. தட்டெழுத ஆள்தான் இல்லை. எல்லாப் புத்தகத்துக்கும் செய்ய வருடங்கள் ஆகும் என்று கையை விரிப்பதற்குப் பதிலாக, விரிவுரையாளர்களிடம் வாசிப்புப் பட்டியல்களை வாங்கி, பிள்ளைகள் இந்தத் தவணையில் தேடப்போகும் புத்தகங்களிலிருந்து தொடங்கினோம். கவுன்டரில் வேலை குறைந்த நேரங்களில் ஆளுக்கு ஒரு தட்டாகச் செய்தோம். இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

கைத்தொலைபேசிச் சேவை என்றதும் பலருக்கும் செயலிதான் நினைவுக்கு வரும். எனக்குத் தெரிந்த ஒரு நூலகம் சொந்தமாகச் செயலி ஒன்று செய்வித்தது. குத்துவிளக்கேற்றித்தான் தொடக்கி வைத்தார்கள். செய்து கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். அன்ட்ராய்டின் அடுத்தடுத்த பதிப்புகள் வந்தபோது செயலி திறக்க மறுத்தது. திருத்த நிதி ஒதுக்கவில்லை. பிள்ளைகளின் பக்கத்திலிருந்து பாருங்கள்: போனின் நினைவகம் முழுக்கப் படங்களாலும் குறிப்புகளாலும் நிரம்பி வழிகிறது. மாதத்தில் இரண்டு முறை திறக்கும் நூலகச் செயலிக்கு யார் இடம் ஒதுக்குவார்? ஏற்கனவே இருக்கிற உலாவியில் வேகமாகத் திறக்கும் ஒரு பக்கமும், புத்தகம் திருப்பிக் கொடுக்கவேண்டிய நாளுக்கு முதல் நாள் ஒரு குறுஞ்செய்தியும் போதும். அந்தக் குறுஞ்செய்தி தொடங்கிய பின் தண்டப்பணம் குறைந்தது. கணக்குப் பிரிவில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். தண்டப்பணம் வாங்குவதற்கா நூலகம் நடத்துகிறோம்?

கியூ.ஆர். குறியீட்டைப் பற்றியும் கேட்பீர்கள். ஜப்பானில் வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கெடுக்க டென்சோ வேவ் நிறுவனம் 1994இல் உருவாக்கியது, இன்று மரக்கறிக் கடையிலும் தொங்குகிறது. நாங்களும் இறாக்கைகளின் பக்கங்களில் ஒட்டினோம்: அந்தப் பாடத்தில் இறாக்கையில் இல்லாத மின்னூல்கள், கடந்தகால வினாத்தாள்கள், ஆய்வேடுகள் எல்லாவற்றுக்கும் அது வழிகாட்டும். நல்ல யோசனைதான். ஆனால் முகவரியைச் சுருக்கித் தரும் ஓர் இலவசத் தளத்தைப் பாவித்துவிட்டோம். சில மாதங்களில் அந்தத் தளம் இலவசத்தை நிறுத்திக்கொண்டது. மெய்யியல் இறாக்கையில் போனைப் பிடித்த ஒரு பிள்ளைக்கு எடை குறைக்கும் மாத்திரை விளம்பரம் வந்தது. எல்லாவற்றையும் உரித்தெடுத்து, எங்கள் சொந்த முகவரியை வைத்துத் திரும்ப ஒட்டினோம். பசை போகாமல் இன்னும் அடையாளம் இருக்கிறது.

2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோதுதான் நாங்கள் உண்மையாகப் படித்தோம். பிள்ளைகளில் பெரும்பாலானோரிடம் மடிக்கணினி இல்லை. போன்தான் வகுப்பறை, போன்தான் கொப்பி, போன்தான் நூலகம். சிக்னலுக்காக மரத்திலும் பாறையிலும் ஏறியிருந்த பிள்ளைகளின் படங்களை நீங்களும் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். லேர்ன் எனப்படும் எங்கள் கல்வி ஆய்வு இணைய வலையமைப்பின் ஊடாகப் பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களுக்குக் கட்டணமில்லாமல் போவதற்குத் தொலைபேசி நிறுவனங்கள் இணங்கியிருந்தன. இதில் ஒரு நுணுக்கம் இருந்தது. இலவசம் பல்கலைக்கழகத்தின் தளத்துக்கு மட்டுந்தான். நாங்கள் அங்கே ஒரு வெளி இணைப்பைக் கொடுத்தால், அதைத் தொட்டதும் பிள்ளையின் டேட்டா கரையத் தொடங்கும். நாங்களோ அழகழகாக இணைப்புப் பட்டியல்கள் தயாரித்து அனுப்பிக்கொண்டிருந்தோம்! விளங்கிய பிறகு, அனுமதியுள்ள கட்டுரைகளையும் அத்தியாயங்களையும் கற்றல் தளத்துக்குள்ளேயே ஏற்றினோம்.

அடுத்த பிழை அளவில் வந்தது. முதலில் ஸ்கான் செய்து போட்டவை 600 புள்ளித் துல்லியத்தில், முழு வர்ணத்தில். பழுப்பேறிய கடதாசியின் பழுப்பு நிறத்தைக் கூடப் பத்திரமாக எடுத்திருந்தோம். ஒரு அத்தியாயம் எண்பது மெகாபைட். ஒருநாள் காலையில் நூலக வட்ஸ்அப் இலக்கத்தைத் திறந்தால், இரவு 2.10க்கு ஒரு செய்தி: "மிஸ், 60 வீதத்தில நிண்டுட்டுது. திரும்ப முதல்ல இருந்து வருது." ஏன் அந்த நேரத்தில்? இரவு டேட்டா நள்ளிரவுக்குப் பிறகுதான் தொடங்கும். பகல் டேட்டா வகுப்புக்கே போய்விடும். எத்தனையோ பிள்ளைகள் நள்ளிரவு வரை விழித்திருந்து எங்கள் புத்தகத்தை இறக்கியிருக்கிறார்கள். ஜாம் போத்தல் விளக்கு நினைவு வந்தது எனக்கு. அதற்குப் பின் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில், 300 புள்ளியில், அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துப் போட்டோம். அதே அத்தியாயம் மூன்று மெகாபைட்டுக்குள் அடங்கியது. கோப்புக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். ‘ஸ்கான் 0047’ என்று பெயரிட்ட கோப்பைப் போனுக்குள் இறக்கிய பிள்ளை அடுத்த நாள் அதை எங்கே என்று தேடுவாள்?

வெளிநாட்டு ஆய்விதழ்கள் விடயத்தில் வேறொரு சிக்கல். வெளியீட்டாளர்கள் எங்களை அடையாளம் காண்பது வளாகத்தின் இணைய முகவரியைக் கொண்டு. பகலில் வளாக வைபையில் திறந்த அதே கட்டுரை, இரவு வீட்டிலிருந்து சொந்த டேட்டாவில் திறக்கும்போது முப்பது, நாற்பது டொலர் கேட்கும். நூலகத்துக்கு அந்த உரிமை இல்லையென்று பிள்ளை நினைத்துக்கொள்கிறாள். நூலகத்தின் ஊடாக உள்நுழைந்து போகும் வழி ஒன்றை நாங்கள் அமைத்திருந்தோம். அது இருப்பது பலருக்குத் தெரியவில்லை. முதலாம் வருட அறிமுக நாளில் கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவதை நிறுத்திவிட்டு, எல்லோரையும் போனை எடுக்கச் சொல்லி, வைபையை நிறுத்தச் சொல்லி, அந்த வழியாக ஒரு கட்டுரையை அந்த இடத்திலேயே திறக்கவைக்கிறோம். திறக்காத போன்களைத் தனியே பார்க்கிறோம். ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். அதைவிடப் பயனுள்ள ஒன்றரை மணித்தியாலம் எனக்கு வருடத்தில் வேறு இல்லை.

இனிச் சொல்லப்போவது எங்கள் மொழிக்கே உரிய பிரச்சினை. பாமினி எழுத்துரு. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேராவது பாமினியில் தட்டெழுதப் பழகியவர்கள்தான், நானும்தான். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கண்ணுக்கு அம்மா தெரியும். கணினிக்குள்ளே அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாகத்தான் கிடக்கும். எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் அந்த ஆங்கிலக் குப்பைதான் தெரியும். பி.டி.எஃப் ஆக்கினால் கண்ணுக்குத் தமிழ் தெரியும், ஆனால் தேடினால் கிடைக்காது. எங்கள் பீடங்களின் ஆய்விதழ்கள், கருத்தரங்கக் கட்டுரைகள், ஆய்வேடுகள் என்று பல வருட உழைப்பு இப்படி எழுத்துருவுக்குள் புதைந்து கிடக்கிறது.

இது எவ்வளவு பெரிய விடயம் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் கண்பார்வையற்ற ஒரு மாணவர். போனில் உள்ள திரைவாசிப்பான் யூனிகோட் தமிழைச் சரளமாக வாசித்துக் காட்டும். ஒரு காதில் கேட்டுக்கொண்டே பிரெயிலில் குறிப்பெடுப்பார். எங்களில் யாரையும்விட வேகமாகப் படிப்பவர். ஒரு நாள் எங்கள் தளத்திலிருந்து எடுத்த கட்டுரையொன்றைச் சத்தமாகப் போட்டுக் காட்டினார். தமிழ்க் கட்டுரை முழுவதையும் போன் "எம் கே செமிகோலன் கே எச்" என்று வாசித்துக்கொண்டு போனது. சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். பிறகு ஸ்கான் செய்த வேறொரு கோப்பைப் போட்டார். அதில் சத்தமே வரவில்லை; போனுக்கு அது வெறும் படம். "முதலாவதாவது ஏதோ சொல்லுது மிஸ்" என்றார்.

பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஸ்கான் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பமும் தமிழுக்கு வந்துவிட்டது. நல்ல அச்சென்றால் பெரும்பாலும் சரியாக வரும், பழைய ஈய அச்சில் தடுமாறும். பிழையோடு கொடுக்கலாமா என்று எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. நூலகர்களுக்குப் பிழை பிடிக்காது. அந்த மாணவரையே கேட்டோம். "பிழையோட எண்டாலும் தாங்கோ, நான் திருத்தி விளங்கிக்கொள்ளுவன்" என்றார். அதோடு விவாதம் முடிந்தது. பார்வையற்றோருக்காக இப்படிப் பிரதி செய்வதற்கு வழிசெய்யும் மராக்கேஷ் ஒப்பந்தம் 2013இல் வந்தது, இலங்கையும் அதில் இணைந்திருக்கிறது. ஒப்பந்தம் இருந்தாலும் ஒரு எழுதுவினைஞர் உட்கார்ந்து மாற்றினால்தான் ஒரு கட்டுரை பேசும்.

பதிப்புரிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நியாயமான பாவனைக்கு இடம் தருகிறது: நோக்கம் என்ன, எவ்வளவு எடுக்கிறோம், நூலின் விற்பனைக்குப் பாதிப்பா என்பவற்றைப் பார்க்கும். படிப்பதற்காக ஓர் அத்தியாயம் என்றால் துணிந்து கொடுப்பேன். முழுப் புத்தகத்தையும் படமெடுத்து டெலிகிராமில் சுற்றவிடுவதற்கு நான் உடந்தையாக இருக்கமாட்டேன். எங்கள் ஊரில் ஒரு தமிழ்ப் புத்தகம் முந்நூறு பிரதி விற்பதே அதிசயம். அதை எழுதியவர் அடுத்த தெருவில்தான் இருப்பார்.

தங்கைமாருக்காக இன்னொன்றையும் சொல்லவேண்டும். முடக்க காலத்தில் வட்ஸ்அப்பில் நூலகக் குழு ஒன்றைத் தொடங்கி வருடத்தில் இருந்த எல்லோரையும் சேர்த்தோம். எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரிந்தது. சில கிழமைகளில் ஒரு பிள்ளை வந்து, யாரென்று தெரியாத ஒருவர் இரவில் அழைக்கிறார், அண்ணா போனைப் பறித்துவிட்டார் என்றாள். புத்தகம் கொடுக்கப் போய் அவளுடைய போனையே இல்லாமலாக்கிவிட்டோம். போன் போனால் வகுப்பும் போயிற்று. குழுவை அன்றே கலைத்தோம். இப்போது பிள்ளைகள் நூலக இலக்கத்துக்கு எழுதுவார்கள், நூலகம் தனித்தனியே பதில் எழுதும், ஒருவருக்கொருவர் தெரியாது. 2022இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வருவதற்கு முன்னரே இது எங்களுக்குத் தோன்றியிருக்கவேண்டும். இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்த எனக்காவது தோன்றியிருக்கவேண்டும்.

எங்கள் நூலகத்தில் மிக அதிகம் பயன்பட்ட கைத்தொலைபேசிச் சேவை எது தெரியுமா? சுவரில் இருந்த பிளக். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலத்தில், ஜெனரேட்டர் ஓடிய நேரமெல்லாம் வாசிப்பு மண்டபத்தின் ஒரு பக்கச் சுவரோரமாகப் பிள்ளைகள் வரிசையாக நிலத்தில் இருந்தார்கள். ஒரு பிளக்குக்கு நீட்டி வயர் போட்டு ஐந்து போன். ஒழுங்கு கெடுகிறது என்று யாரோ முறைப்பாடு எழுதினார்கள். நான் இன்னும் இரண்டு நீட்டி வயர் வாங்கச் சிபாரிசு செய்தேன். சார்ஜ் ஏறும்வரை சும்மா இருக்கமுடியாமல் எழும்பிப்போய் இறாக்கையில் ஒரு புத்தகத்தை எடுத்து வந்தவர்களையும் கண்டேன். நீளமான புத்தகத்தைப் போனில் வாசிப்பது கண்ணுக்கும் கழுத்துக்கும் பெரிய தண்டனைதான்; முழு நூலுக்கு அச்சுப் பிரதியே நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. போனில் கண்டுபிடி, கையில் எடுத்து வாசி என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. நான் அப்போது சிறுமி. அப்பா சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டியபோது, எரிந்த கடதாசியின் துண்டொன்று என் சட்டையில் வந்து ஒட்டியது. அதனால்தானோ என்னவோ, ஒரேயொரு பிரதி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 1998இல் மதுரைத் திட்டம் தொடங்கியது. பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் தட்டெழுதி ஏற்றினார்கள். 2005இல் எங்கள் ஈழத்து நூல்களுக்கென நூலகம் திட்டம் தொடங்கியது. இன்று எங்கள் பிள்ளைகள் ஈழத்து வரலாறு, இலக்கியம் பற்றி எழுதும்போது போனில் முதலில் திறப்பது எங்கள் நூலகத்தையல்ல, அந்த நூலகத்தைத்தான். அதில் எனக்குப் பொறாமை இல்லை. எங்களிடம் இல்லாத எத்தனையோ நினைவு மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், பிரதேச மலர்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் எமது கல்லூரியின் பழைய சஞ்சிகைகளைப் போன மாதம் அங்கே தேடினேன். ஒன்றுகூட அகப்படவில்லை. கல்லூரி நூலகத்திலும் இடம்பெயர்வுக்கு முந்தியவை இல்லை என்று அதிபர் சொன்னார்.

அந்த முல்லைத்தீவுப் பிள்ளையைப் பற்றி ஒன்று. நான்காம் வருடத்தில் தன் ஆய்வேட்டை ஒப்படைக்க வந்தவள், போனை எடுத்து எங்கள் பட்டியலில் அதே புத்தகத்தைத் தமிழில் தேடிக் காட்டினாள். வந்தது. "மிஸ், ஆசிரியர் பெயரில ணகரம் வரவேணும், நீங்கள் றன்னகரம் போட்டிருக்கிறீங்கள்" என்றாள். பார்த்தால் உண்மைதான். அவள் முன்னாலேயே திருத்தினேன்.

ஆகவே எனக்கு மலர்க்குழுவிடம் இரண்டு வேண்டுகோள்கள். நூற்றாண்டு மலரை யூனிகோடில் தட்டெழுதச் சொல்லுங்கள். அச்சகம் பாமினியில்தான் செய்வோம் என்றால், மாற்றிய கோப்பையும் அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். என்னுடைய இந்த உரையை யூனிகோடில்தான் தருவேன். அச்சான பின் ஒரு பிரதியை நூலகத் திட்டத்துக்கும் கொடுங்கள். இங்கே இருக்கும் அக்காமாரிடம் கேட்பது: உங்கள் வீட்டு அலுமாரியிலோ, பரணிலோ, கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் தங்கச்சி வீட்டிலோ எமது கல்லூரிச் சஞ்சிகை ஏதேனும் இருந்தால் எனக்கு ஒரு கிழமைக்கு இரவல் தாருங்கள். அட்டை இல்லாவிட்டாலும், கரையான் தின்றிருந்தாலும் பரவாயில்லை. ஸ்கான் செய்து, திருப்பிக் கொடுக்கவேண்டிய நாளுக்கு முதல் நாள் எனக்கே ஒரு குறுஞ்செய்தி வைத்து, பத்திரமாகத் திருப்பித் தருவேன். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். தேநீருக்குப் போகும் வழியில் பெயரையும் எந்த வருட மலர் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். இலக்கம் எழுதவேண்டாம், பக்கத்தில் நிற்கும் தங்கச்சியிடம் சொன்னால் போதும்.